புல்லைப் பார்த்த கடை

பிரேசிலின் சியாரா மாநிலத்து வறட்சிக்குத் தப்பி லிண்டால்வா லாரி ஏறிப் பிரசீலியாவுக்கு வந்தபோது அங்கே தலைநகரம் இல்லை. புழுதி இருந்தது, தலைநகரம் வரப்போகிறது என்ற வாய்ப்பேச்சு இருந்தது. கொத்தனார்களின் சட்டைகளைத் துவைத்தும் கிழிசல் தைத்தும் பிழைத்தாள். சேர்த்ததையெல்லாம் போட்டுப் புதுக் குடியிருப்பில் நூலும் பொத்தானும் விற்கும் கடை ஒன்று பிடித்தாள். நடுவில் ஒரு தப்பும் செய்தாள்: நகரத் திட்ட அலுவலகத்தில் கட்டட வரைபடம் போடும் குளோவிஸைக் கட்டிக்கொண்டாள்.

குளோவிஸ் ரியோக்காரன். நகரத்தையே பெற்றுப் போட்டவன் மாதிரி நடப்பான். நகரத்தை வடிவமைத்த பெரியவர்கள் போட்ட கோட்டின்மேல் மை தடவியதுதான் அவன் செய்தது. அந்தப் பெரியவர்களின் மூளையையும் சொல்லியாக வேண்டும். கடைகளின் முகப்பைப் புல்வெளிப் பக்கம் வைத்தார்கள். சாலைப் பக்கம் சரக்கு இறக்க ஒரு கதவு மட்டும். சனங்கள் மர நிழலில் உலாவிக்கொண்டே வந்து நூல்கண்டு வாங்குவார்களாம். மரமே அப்போது முழங்கால் உயரம்தான்.

முகப்புக்கு ஒரு நாய் மட்டும் வந்து படுத்தது. பேருந்திலும் ஜீப்பிலும் வந்தவர்கள் பின்கதவைத் தட்டினார்கள்.

"லிண்டால்வாக்கா, கறுப்பு நூல் இருக்கா?"

கல்லாப்பெட்டியைத் தூக்கிப் பின்கதவருகே போட்டாள். வியாபாரம் சூடு பிடித்தது. குளோவிஸுக்கு மானம் போயிற்று.

"ஆபீஸே சிரிக்குதுடி! சரக்கு எறக்குற கதவுல யாவாரம் பண்றியே, நாகரிகம் தெரியுமா ஒனக்கு?"

"ஒன் நாகரிகத்த வச்சு ஒரே ஒரு ஊசி வித்துக் காட்டுய்யா, பாப்போம்."

அவள் ஞாயிறு பூசைக்குப் போயிருந்த நேரத்தில் அந்த வீரன் பின்கதவில் பலகை வைத்து ஆணியடித்துவிட்டான். மறுநாள் வந்தவர்கள் தட்டிப் பார்த்துவிட்டு எதிர்க்கடைக்குப் போனார்கள். அடுத்த நாளும் அப்படியே. இப்படியே போனால் கடையை மூடிவிட்டு மறுபடி சட்டை துவைக்க வேண்டியதுதான். லிண்டால்வா கடப்பாரையை எடுத்தாள்.

சத்தம் கேட்டு குளோவிஸ் ஓடிவந்தான். "அதத் தொறந்தா நான் பொட்டியத் தூக்கிட்டுப் போயிருவேன். நானா, கடையா? சொல்லு!"

அவளுக்கு நெஞ்சு வலிக்கத்தான் செய்தது. எப்படியும் கட்டிக்கொண்டவன். ஆனால் அவனோ கேட்ட கையோடு சாலைப் பக்கம் திரும்பி, அலுவலகத்து ஆள் யாராவது பார்க்கிறார்களா என்று நோட்டம் விட்டான். மிச்சமிருந்த ஆசையும் அதோடு அவளை விட்டுப் போயிற்று. பலகையைப் பெயர்த்துத் தரையில் போட்டாள்.

"போறதுன்னா புல்லு பக்கமா போய்யா," என்றாள். "அங்கதான் எவனும் பாக்க மாட்டான்."