பீங்கான் தட்டில் விழுந்த கரி

பதினோரு வயதில் நான் ஒரு மனிதரை அவர் பிழைத்த இடத்திலிருந்து கிளப்பிவிட்டேன். கையில் ஆதாரம் இருந்தது. ஆதாரத்தில் பிழையில்லை, அதை நான் புரிந்துகொண்ட விதத்தில்தான் பிழை.

கிறிஸ்துமஸுக்கு முன் மாதா கோயில் பீடத்துத் துணிகளை வெளுத்துத் தருவது எங்கள் வீட்டுப் பொறுப்பு. அம்மா அவற்றைத் துவைத்து, இரவு முழுக்க மொட்டைமாடியில் விரித்துவைப்பாள். மார்கழிப் பனி பட்டால் துணி பளிச்சென்று வெளுக்கும் என்பது கன்னியர் மடத்தில் அவள் கற்றது. அந்த வருடம் விடிந்து பார்த்தால் துணியெல்லாம் கரும்புள்ளி.

"கோயில் துணில கரி. சாமியாருகிட்ட நான் இன்னான்னு சொல்றது?" என்று அழுதாள்.

சந்தேகப்பட ஆள் தயாராக இருந்தார். வீட்டுக்கு மேற்கே, எங்கள் கொட்டகையில், பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசும் பாய் வாடகைக்கு இருந்தார். கரி உலை, துருத்தி, புகை. வேறென்ன வேண்டும்?

காற்றில் மிதக்கும் தூசியைப் பற்றிப் பள்ளியில் அப்போதுதான் பாடம் நடத்தியிருந்தார்கள். ஒரு பீங்கான் தட்டில் விளக்கெண்ணெய் தடவி மாடிச் சுவரில் வைத்தேன். பகலெல்லாம் இருந்த தட்டு சாயங்காலம் சுத்தமாக இருந்தது. இரவு வைத்த தட்டு காலையில் கறுத்திருந்தது. பாய் வேலை செய்வது பகலில்தான். ஆனாலும் அவரை விட எனக்கு மனமில்லை. இரவில் திருட்டுத்தனமாக உலை மூட்டுகிறார் என்று முடிவுகட்டினேன். மழை பெய்த இரவில் தட்டில் கரி விழவில்லை. உலை நனைந்திருக்கும் என்று அதற்கும் ஒரு காரணம் கண்டேன்.

"இன்னா தம்பி, தட்டுல கரி வளக்கிறியா? என் ஒலைக்கும் கொஞ்சம் குடேன்," என்று பாய் கேலி செய்தார். வேவு பார்க்கிறார் என்று நினைத்துத் தட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

அப்பா சாரத்துப் பக்கம் ஒரு நெல் மில்லில் மேற்பார்வையாளர். தட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். கரியை விரலால் எடுத்து நசுக்கிப் பார்த்தார். பிறகு கொட்டகைக் கூரையைத் தாண்டி மேற்கே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றே பாயைக் கூப்பிட்டு இடத்தைக் காலி செய்யச் சொன்னார்.

பிரெஞ்சுக்காரர் காலத்துப் பழக்கத்தில் பாய் அப்பாவை முசியே என்றுதான் அழைப்பார்.

"முசியே, ராவுல நான் ஒல மூட்டறதே இல்ல. விடியகால வந்து சாம்பல தொட்டுப் பாருங்க, சில்லுனு இருக்கும்."

"துணிய பாத்தீங்க இல்ல பாய். வூட்ல ஒத்துக்க மாட்டாங்க," என்றார் அப்பா. சாம்பலைத் தொட்டுப் பார்க்க அவர் போகவில்லை.

பாய் துருத்தியைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். தேங்காய்த்திட்டுப் பக்கம் வெயிலில் கூவிக்கொண்டு தெருத்தெருவாக அலைகிறார் என்று யாரோ சொன்னார்கள்.

பின்னாளில் நான் புவியியல் படித்து, அதையே கற்பித்தேன். பகலில் காற்று கிழக்கே கடலிலிருந்து வீசும். மேற்கே இருந்த பாயின் புகை எங்கள் மாடிக்கு வர வழியே இல்லை. இரவில் தரை குளிர்ந்ததும் காற்று கடலை நோக்கித் திரும்பும். மார்கழியில் குளிர்ந்த காற்று தரையோடு தங்கிவிட, மேலிருக்கும் வெதுவெதுப்பான காற்று அதை மூடிபோல் அடைத்துக்கொள்ளும். புகை மேலே போகாது. மழை வந்து கழுவும்வரை தாழவே கிடந்து படியும். அப்பாவின் மில்லும் எங்களுக்கு மேற்கேதான்; அங்கே உமியை எரித்து நெல் அவிப்பது இரவில்தான். கரும்பலகையில் இதையெல்லாம் வரைந்துகொண்டிருந்த ஒரு நாள், என் கை பாதியில் நின்றது. அதன்பின் பாயைத் தேடினேன். கிடைக்கவில்லை. அப்பாவும் அப்போது உயிரோடு இல்லை.

பாய் காலி செய்யும்வரை எங்கள் வீட்டில் பல் துலக்கியது அப்பா மில்லிலிருந்து கொண்டுவரும் உமிக்கரியில். பாய் போன மறுநாள் அப்பா கடையிலிருந்து பற்பொடி வாங்கிவந்தார். ரோஜா நிறம், இனிப்பு வாசனை.

"இனிமே கரி வேணாண்டா," என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

குற்றவாளியைக் கண்டுபிடித்ததற்கு எனக்குக் கிடைத்த பரிசு என்று நினைத்தேன். ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துச் சப்பினேன்.