கானில் விழுந்த பன்றி

எங்கள் தோட்டத்தில் காட்டுப்பன்றிக்குப் பயப்படாத பிள்ளை கிடையாது. அந்தப் பன்றியை ஆண்டுக் கடைசி விடுமுறையில் எங்கள் வீட்டுக் கூடத்துக்கே கொண்டுவந்து சேர்த்தவர் மாமா.

மாமா, அம்மாவின் தம்பி. சிரம்பானில் கல்லூரியை முடித்துவிட்டு, வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டு, பகாவ் பட்டணத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் எங்கள் எண்ணெய்ச் செம்பனைத் தோட்டத்துக்கு அக்கா கைச் சோறு சாப்பிட வந்திருந்தார். கல்லூரி விடுதியில் கற்றுக்கொண்ட ஒரு விளையாட்டும், இருபது முகமுள்ள ஒரு பகடையும் அவரோடு வந்தன. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரராகக் கதைக்குள் நுழைந்துகொள்ள வேண்டும். என்ன செய்யப்போகிறோம் என்று நாம் சொல்லலாம். அது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். விடுதியில் நெருப்புக் கக்கும் பறக்கும் பாம்போடு சண்டை போடுவார்களாம். எங்களுக்குப் பன்றியே போதும் என்று மாமா முடிவு செய்தார்.

பழைய நாள்காட்டித் தாளின் பின்பக்கம் கட்டம் போட்டார். பாட்டில் மூடிகள் நாங்கள். காய்ந்த செம்பனைப் பழம் ஒன்று பன்றி. அண்ணனுக்குப் பாராங் கத்தி. எனக்குக் குலை அறுக்கும் நீளக் கம்பு அரிவாள். இரண்டு கட்டம் தள்ளி நிற்பவனை வெட்டலாம், பக்கத்தில் வந்துவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. தம்பிக்கு உண்டிவில். நடுவில் நீலக் கோடாக ஒரு கான், செம்பனை நிரைகளுக்கிடையில் தண்ணீர் வடிய வெட்டியிருப்பார்களே, அது. அதில் விழுந்தவர் ஒரு சுற்று எழ முடியாது.

பரிசைக் கேட்டதும் எங்களுக்கு நாக்கில் நீர் ஊறியது. பன்றியைக் கொல்பவரை மாமா மோட்டார் சைக்கிளில் பகாவுக்கு அழைத்துப்போய், துருவிய ஐஸில் பாகு ஊற்றிய ஐஸ் கச்சாங் வாங்கித் தருவார். மோட்டாரில் பின்னால் ஓர் ஆள்தான். தனியாகப் போவதென்றால் எங்கே, எதற்கு, யாரைப் பார்க்க என்று அம்மா அவரைக் குடைந்தெடுத்துவிடுவார். பின்னால் ஒரு பிள்ளை இருந்தால் வெங்காயம் வாங்கி வரச் சொல்வதோடு சரி. பகாவுக்குப் போக எங்களைவிட மாமாவுக்குத்தான் அவசரம் என்பது முகத்திலேயே தெரிந்தது. ஐஸ் கச்சாங் என்றால் அவருக்கும் உயிர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் நாள் விதி: கடைசி அடி யாருடையதோ அவருக்கே பரிசு. வயது வரிசைப்படி ஆடினோம். அண்ணன் கொஞ்சம் யோசித்துவிட்டு, தான் காத்திருப்பதாகச் சொன்னான். காத்திருப்பவர் அடுத்தவர் அடிக்கும்போது சேர்ந்து அடிக்கலாம் என்று ஒரு விதி இருந்தது. நானும் காத்திருந்தேன். எங்களைப் பார்த்துத் தம்பியும் காத்திருந்தான். முதலில் அடித்துப் பன்றியைத் தளர்த்திவிட்டுப் பரிசை அடுத்தவருக்குத் தூக்கிக் கொடுக்க யாருக்குத்தான் மனசு வரும்? பன்றிக்கு மட்டும் காத்திருக்கும் வழக்கமில்லை. வந்தது, மூன்று பேரையும் முட்டித் தள்ளிவிட்டுப் போய்விட்டது.

மறுநாள் மாமா விதியை மாற்றினார். முதல் அடிக்குத்தான் பரிசு, சின்னவன்தான் முதலில் ஆடுவான். ஆனால் குறுக்கே ஆள் நின்றால் உண்டிவில் அடிக்கக்கூடாது என்பது பழைய விதி. தம்பி கிட்டே நகர்ந்து வருவதற்குள் அண்ணன் பன்றியை விட்டுவிட்டுத் தம்பிக்கு முன்னால் போய் நின்றுகொண்டான். இவர்கள் இருவரும் இடித்துக்கொண்டிருந்த நேரத்தில் பன்றி என் பக்கத்துக் கட்டத்துக்கே வந்துவிட்டது. கம்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன், பல் குத்துவதா?

“ஏன் லா இப்படி? அவன அடிக்க விட்டா என்னவாம்?” என்று மாமா தலையில் கை வைத்துக்கொண்டார்.

அப்புறம் வாசல் குழாயடியில் மூன்று பேரும் கூடினோம். அதிகம் பேசாத தம்பிதான் ஆரம்பித்தான். கானில் விழுந்தால் எழ முடியாது என்பது பன்றிக்கும் உண்டா? அண்ணன் ஓடிப்போய் மாமாவிடம் கேட்டான். மாமா கைபேசியில் ஏதோ தட்டிக்கொண்டே, விதி என்றால் எல்லாருக்கும்தான் என்று சொல்லிவிட்டார். அந்தச் சந்தோஷத்தில் நான் துள்ளிய துள்ளலில் வாளி கவிழ்ந்தது.

பன்றி எப்போதும் கிட்டத்தில் இருக்கும் ஆளை நோக்கி நேர்க்கோட்டில் ஓடும். அதுவும் மாமாவின் விதிதான். மூன்றாம் நாள் மறுபடியும் கடைசி அடிக்குப் பரிசு என்றார். அண்ணன் கானுக்கு அந்தப் பக்கம் போய், எட்டாத தூரத்தில் நின்று, பன்றியைக் கை தட்டிக் கூப்பிட்டான். தம்பிக்குக் குறுக்கே இந்த முறை யாரும் நிற்கவில்லை. பன்றி நேராக ஓடிவந்து கானில் விழுந்தது. அண்ணன் கரைக்கு வந்து, காத்திருக்கிறேன் என்றான். இரண்டு கட்டம் தள்ளி நின்று நானும் அதையே சொன்னேன். தம்பி உண்டிவில்லை இழுத்தான். மூன்று பேரும் சேர்ந்து கத்தினோம், “அடி!”

மூன்று முறை பகடை உருண்டது. மூன்றும் பட்டன. செம்பனைப் பழம் கவிழ்ந்தது. கடைசி அடி யாருடையது என்று அந்த விதிகளை எழுதியவராலேயே சொல்ல முடியவில்லை. அண்ணன் தம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டு கூடத்தைச் சுற்றிவந்தான். அன்று இருந்த மகிழ்ச்சி, பிற்பாடு எந்தத் தேர்வில் தேறியபோதும் எனக்கு வந்ததில்லை. மாமாவும் சிரித்தார், ஆனால் பல்வலிக்காரர் சிரிப்பதுபோல இருந்தது.

மோட்டாரில் பின்னால் மூவர் ஏற முடியாது. ஆகவே பேருந்து. வழியெல்லாம் மாமா கைபேசியில் தட்டிக்கொண்டே வந்தார். பகாவ் கடையில் நாங்கள் நுழைந்ததும், மூலை மேசையில் மஞ்சள் சுடிதாரில் தனியாக உட்கார்ந்திருந்த ஓர் அக்கா எங்களை எண்ணிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திச் சிரித்தார்.

“மூணு பேருமா? சின்னவன் மட்டும்தான் வருவான்னு சொன்னீங்க!”

“என்னா செய்ய லா, பன்னி கான்ல விழுந்துருச்சி” என்றார் மாமா.

அந்த அக்கா எங்களையும் அதே மேசையில் உட்காரவைத்து, பன்றியைக் கானுக்குள் இழுத்த சூரர் யார் என்று கேட்டார். எங்கள் புகழ் பகாவ் வரை பரவிவிட்டதில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். வீட்டு வானொலி என்று எனக்குப் பெயர். அம்மா கரண்டியைக் கீழே வைத்தார். “டேய், இங்க வாடா” என்று மாமாவைக் கூப்பிட்ட குரலிலேயே தெரிந்துவிட்டது, வெங்காயம் வாங்க மறந்ததற்கு இன்று நன்றாகக் கிடைக்கப்போகிறது என்று.

இரண்டு ஆண்டு கழித்து அந்த அக்கா அத்தையாகி எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்தார். சாப்பிட்ட கை காய்வதற்குள் பட்டுச் சேலையோடு தரையில் உட்கார்ந்து, தனக்கும் ஒரு பாட்டில் மூடி கேட்டார். பரவாயில்லை, ஆட்டத்துக்கு ஓர் ஆள் குறைகிறதென்று மாமா இவ்வளவு செலவு செய்து கல்யாணமே பண்ணியிருக்கிறாரே என்று, எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை வந்தது.