“இன்னும் பூட் ஆகலை!”

எனக்குக் கல்யாணமான புதிது. 2002 என்று நினைவு. திருவனந்தபுரத்தில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். என் கணவரும் முன்பு அங்கேதான் இருந்தார். கல்யாணமான சூட்டோடு மஸ்கட்டில் வேலை கிடைத்துப் பறந்துவிட்டார். நான் சாலை பஜார் பக்கம் மாமியார் வீட்டில் இருந்தேன்.

வாரம் ஒருமுறை அவரிடமிருந்து போன் வரும். போன் இருந்ததோ நடுக்கூடத்தில். “மக்கா, எண்ணெ தேச்சுக் குளிக்கியா? நல்ல தேங்காயெண்ணெ அங்க கிட்டுமா?” என்று மாமியார் தொடங்கி, நாத்தனார் வரை பேசி முடித்த பிறகு ரிசீவர் என் கைக்கு வரும். நாங்கள் பேசட்டும் என்று மாமனார் பெருந்தன்மையாக டி.வி. சத்தத்தைக் குறைப்பார். அவ்வளவுதான், மொத்தக் கூடமும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். “சாப்டீங்களா?” என்பேன். “ம், நீ?” என்பார். அடுத்து, “சரி, வச்சிரட்டா?” மனிதருக்கு என் நினைப்பே இல்லை என்று கோபம் கோபமாக வரும். கொல்லைப்பக்கம் போய் அழுதுவிட்டு வருவேன்.

அப்படி இருக்கையில் ஒரு வெள்ளிக்கிழமை, அலுவலகத்தில் புது சர்வர் ஒன்று தகராறு செய்தது. அதில் ஹார்ட் டிஸ்க் கிடையாது. ஆன் செய்ததும், தன் முகவரி என்னவென்று நெட்வொர்க்கில் கேட்கும். பழைய லினக்ஸ் சர்வர் முகவரியைச் சொல்லி, எழுந்து ஓட, அதாவது பூட் ஆக, தேவையான ஃபைலையும் அனுப்ப வேண்டும். எங்களுடையது முகவரியை வாங்கிக்கொண்டது. ஃபைல் மட்டும் வரவில்லை. காத்துப் பார்த்துவிட்டு மறுபடி முதலிலிருந்து கேட்கும். காலையிலிருந்து இதே பாட்டு.

பழைய சர்வரை அமைத்தவரே என் கணவர்தான். “மோளே, ஹஸ்பண்டினோடு சோதிக்கூ. இந்நு வெள்ளியாழ்ச்சயல்லே, அவிடெ லீவல்லே” என்று, என் கணவரிடமே கேட்கச் சொன்னார் மலையாளி மேலாளர். அவசரத்துக்கு உதவும் என்று என் கணவருடைய பழைய லாகினையும் எடுக்காமல் வைத்திருந்தார். அதில் உள்ளே வந்து பார்க்கலாம், எதையும் மாற்ற முடியாது. மாற்ற வேண்டியது நான்.

மஸ்கட்டுக்குப் போன் போட்டதும் அவர் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போய் சாட்டில் வந்தார். மேலாளர் வேறு அறைக்குப் போய்விட, நானும் அவரும்தான். ஆங்கில எழுத்தில் தமிழ் அடித்தோம்.

“ஃபைல் குடுக்குற சர்வீஸ் ஓடுதா?” என்று கேட்டார்.

“ஓடுது.”

“அப்ப ஒன் மொகத்தப் பாத்துதான் வரமாட்டேங்கு.”

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. போனில் ‘ம்’ கொட்டுகிறவரா இவர்! சர்வர் பேச்சுக்கு நடுவே அங்கே தன் எதிர்வீட்டுக்காரரின் சமையலைக் கிண்டல் செய்தார், என் பச்சைச் சேலை இப்போதும் சாயம் போகிறதா என்று கேட்டார். கல்யாணமானதிலிருந்து நாங்கள் அவ்வளவு பேசியதே இல்லை.

அவர் ஏதோ நீளமாக அடித்துக்கொண்டிருந்தபோது கோளாறு என் கண்ணில் பட்டுவிட்டது. அந்த ஃபைலை வேறு யாரும் படிக்க அனுமதியே கொடுக்கவில்லை. கொடுத்தேன். புது சர்வர் கடகடவென்று எழுந்து லாகின் கேட்டது. நுழைந்து பார்த்தேன், எல்லாம் சரி.

பெருமையாகச் சொல்லப் போனவள், விரலை இழுத்துக்கொண்டேன். சொன்னால் ‘வச்சிரட்டா’ என்பார். இனி அடுத்த வாரம், கூடம், டி.வி.

“இன்னும் பூட் ஆகலை” என்று அடித்தேன்.

கேபிளைக் கழற்றி மாட்டச் சொன்னார். மாட்டினேன் என்றேன். நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. ஸ்விட்சில் லைட் எரிகிறதா, எந்தக் கலர் என்றார். பச்சை என்றேன். இவ்வளவு கெட்டிக்காரர் இப்படிச் சின்னப் பிள்ளைக் கேள்வி கேட்கிறாரே என்று தோன்றியது. எனக்கென்ன, கேட்டுக்கொண்டே இருக்கட்டும்.

திடீரென்று பக்கத்தில், செத்துக் கிடப்பதாக நான் சாதித்துக்கொண்டிருந்த அந்தப் புது சர்வரின் திரையில் ஒரு வரி வந்து விழுந்தது. லினக்ஸில், உள்ளே இருப்பவர் திரைக்கெல்லாம் செய்தி அனுப்ப வழி உண்டு. அவர் எப்போதோ தன் பழைய லாகினிலேயே அதற்குள் நுழைந்திருக்கிறார்!

“இது அப்பமே வந்தாச்சு. எனக்கும் போக மனசில்ல. அடுத்து எதச் செக் பண்ணலாம், சொல்லு.”

கண்ணீர் பொலபொலவென்று கொட்டிவிட்டது. அந்த நேரம் பார்த்து மேலாளர் வந்தார். “ஆயோ மோளே?” என்று, சரியாகிவிட்டதா எனக் கேட்டபடி திரையைக் குனிந்து பார்த்தார். அந்தத் தமிழ் அவருக்குப் புரியாதா என்ன? தொண்டையைச் செருமிக்கொண்டு, “ஞான் ஒரு சாய குடிச்சிட்டு வராம்” என்று டீ குடிக்கப் போய்விட்டார். வெகுநேரம் திரும்பி வரவில்லை.

என் கணவர் ஊரோடு வந்து வெகுகாலம் ஆகிறது. கூப்பிட்டால் பக்கத்து அறையிலிருந்து குரல் வரும். ஆனாலும் சில மதியங்களில் அந்த வெள்ளிக்கிழமைக்காக மனசு ஏங்குகிறது. அன்று ஏங்கியது நான் மட்டும் இல்லை என்று தெரிந்த அந்த நிமிடத்தைப் போல, அதற்குப் பிறகு அவர் எனக்கு அவ்வளவு பக்கத்தில் வந்ததே இல்லை.