வெனிலாச் செடியை மேலே தூக்கி வந்த மாலை

ஊட்டியிலிருந்து அவலாஞ்சி போகும் சாலையில், பஸ் நிற்காத ஒரு வளைவுக்குக் கீழே, பள்ளத்தில் இருக்கிறது அந்தப் பங்களா. பதினெட்டு வருடம் அதன் தோட்டம் என் பொறுப்பில் இருந்தது. அதற்கு முன் எந்த வேலையிலும் நான் மூன்று வருடம் தாண்டியதில்லை. கால் ஓரிடத்தில் தரிக்காது. அந்த மண்தான் என்னைப் பிடித்து நிறுத்தியது.

போன தீபாவளிக்கு முன் பங்களாவை விற்றுவிட்டார்கள். வாங்கியவருக்குத் தோட்டம் தேவையில்லை, கார் நிறுத்த இடம் வேண்டும். பிப்ரவரி முடிவதற்குள் வேலையையும், தோட்டக்காரன் குடியிருப்பு என்று எங்களுக்கிருந்த இரண்டு அறைகளையும் விட்டுவிட வேண்டும். எனக்கு ஐம்பத்தோரு வயது.

வேலை தேடினேன். முன்பெல்லாம் வேலை கேட்டுக் கதவைத் தட்டினால் போதும். இப்போது போன் கண்ணாடியைத் தடவ வேண்டும். பள்ளத்தில் சிக்னல் கிடையாது. அறுபது படி ஏறி, கேட்டுக்குப் பக்கத்தில் கிடக்கும் கல்லில் உட்கார்ந்தால் இரண்டு கோடு வரும். அந்தக் கல்லில் உட்கார்ந்து வேலை தேடும் தளத்தில் 'கார்டன்' என்று தட்டினேன். நான்கு கிண்டர்கார்டன் டீச்சர் வேலை வந்தது.

பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்துவிட்டு வந்த மனைவி என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"போங்களே. குட்டிச் சேர்ல உக்காந்து ஒண்ணு ரெண்டு சொல்லிக் குடுங்க. உங்க மீசையப் பாத்து ஒரு புள்ளையும் அழுவாது."

"கிண்டலா அம்மணி?"

"பின்ன? சிரிச்சாத்தான் இந்தக் கல்லுல உக்கார முடியுமுங்க."

திறன்கள் என்றொரு கட்டம். பட்டியலில் இருப்பதைத்தான் எடுக்க வேண்டும். எக்செல் இருந்தது, குழுத் தலைமை இருந்தது. இன்றிரவு உறைபனி விழுமா என்று சாயங்கால வானத்தைப் பார்த்துச் சொல்வது அந்தப் பட்டியலில் இல்லை. 'மற்றவை'யை அழுத்தினேன். தளம் என்னை முதல் பக்கத்துக்கே திருப்பி அனுப்பியது. மறுநாள் ஒரு மெயில்: உங்களுக்குப் பொருத்தமான வேலைகள். டெலிவரி, செக்யூரிட்டி, மறுபடி டெலிவரி. திருப்பூரிலிருந்து மைத்துனர் போன் செய்தார். பனியன் கம்பெனியில் வாட்ச்மேன் வேலை எப்போதும் இருக்கிறதாம். எப்போதும் இருக்கிற வேலையை நினைத்தால் பயமாக இருந்தது.

இந்த மலையின் தோட்டங்களைப் பற்றிப் புத்தகங்கள் இருக்கின்றன. பங்களா அலமாரியில் சிலவற்றைப் பார்த்திருக்கிறேன். எந்தத் துரைசாணி எந்தக் கப்பலில் எந்த விதையைக் கொண்டுவந்தாள், கண்ணாடிப் பெட்டிக்குள் எத்தனை நாற்று உயிரோடு வந்தது, எல்லாம் எழுதியிருக்கும். குளிர்கிறது, நம் ஊர் மாதிரியே இருக்கிறது என்று நம்பி நட்டிருக்கிறார்கள். ஆனால் இது வேறு குளிர். பகலில் வெயில் காய்ச்சும். ராத்திரி வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தால் விடியலில் புல் வெள்ளையாகிவிடும். அந்த வெள்ளையில் முதல் வருடத்து நாற்றுகள் எத்தனை கருகியிருக்கும்! பிறகு யாரோ ஒருவர், கூலிக்கு வந்தவராகத்தான் இருக்க வேண்டும், கோத்தகிரிப் பக்கத்துக் காட்டில் மிலார் செடியை வெட்டிவந்து, கூடை கவிழ்த்த மாதிரி பாத்தியின் மேல் கட்டிப்போட்டார். செடி பிழைத்தது. இன்றைக்கும் டிசம்பர் வந்தால் அப்படித்தான் மூடுகிறோம். நட்டவர்களின் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. மூடியவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை.

அந்தத் துரைசாணிகள் வைத்த செடிகளில் ஒன்று எங்களிடம் மிஞ்சியிருந்தது. ஊதாப் பூ, வெனிலா ஐஸ்கிரீம் வாசனை. வெனிலாச் செடி என்றே சொல்லுவோம். விதையிலிருந்து அல்ல, கிளையை ஒடித்து ஒடித்தே ஒரு தோட்டக்காரர் அடுத்தவரிடம் விட்டுப்போனது. அப்படிப் பார்த்தால் அது நூறு வருடமாகச் சாகாத ஒரே செடி. மொத்தம் பதினொரு தொட்டி.

ஜனவரியில் ஒரு விண்ணப்பத்துக்குப் பதில் வந்தது. கோத்தகிரியில் புதிதாக வரும் ரிசார்ட்டுக்குத் தோட்ட மேற்பார்வையாளர். குடியிருப்பு உண்டு. ஆட்களை எடுப்பது சென்னை அலுவலகம். மாலை நாலரைக்கு வீடியோவில் பேசுவார்கள், நான் பார்க்கும் தோட்டத்தை நேரில் காட்ட வேண்டும்.

தோட்டம் பள்ளத்தில், சிக்னல் மேட்டில். பாத்திகளைத் தூக்க முடியாது, தொட்டிகளைத் தூக்கலாம். மதியத்திலிருந்து பதினொரு வெனிலாத் தொட்டிகளையும் ஒவ்வொன்றாக அறுபது படி ஏற்றினேன். மிலாரைக் கீழேயே விட்டேன். கேட்டருகே வரிசையாக வைத்துத் தண்ணீர் தெளித்தேன். வெயிலில் மணந்தன. இதன் கதையைச் சொன்னால் போதும், வேலை கிடைத்துவிடும் என்று தோன்றியது. இஸ்திரி போட்ட சட்டையோடு கல்லில் உட்கார்ந்தேன்.

'விரைவில் அனுமதிக்கப்படுவீர்கள்' என்றது திரை. ஐந்து மணிக்கும் அதையே சொன்னது. ஐந்தரைக்கும் சொன்னது. ஆறு மணிக்கு ஒரு செய்தி: மன்னிக்கவும், நாளை காலை ஒன்பது.

மனைவி டார்ச்சோடு மேலே வந்தாள். "ஏனுங்க, தொட்டியெல்லாம் இங்கயே இருக்குதுங்களே?"

"காலைல ஒம்பதுக்குக் கூப்புடறாங்க. எறக்கி மறுபடி ஏத்தறதுக்கு எனக்கென்ன நாலு காலா?"

"பனி?"

"இது மேடு. பனி பள்ளத்துலதான் தங்கும். போ."

அவள் போனாள். மேகம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பார்க்கவில்லை, நினைத்துக்கொண்டேன். பதினெட்டு வருடமாக ஒரு சாயங்காலம்கூடத் தவறாமல் அண்ணாந்து பார்த்தவன், அன்றைக்கு நாலரையிலிருந்து ஆறு வரை குனிந்தே இருந்தேன். பிறகும் நிமிரவில்லை.

விடிகாலையில் ஜன்னல் வெள்ளையாக இருந்தது. பனி விழுந்த இலையைக் காப்பாற்ற ஒரே வழிதான். வெயில் படுவதற்குள் தண்ணீர் ஊற்றிக் கரைத்துவிட வேண்டும். பள்ளத்துக்கு ஒன்பது மணிவரை வெயில் வராது, அவசரமில்லை. மேட்டுக்கு ஏழுக்கெல்லாம் வந்துவிடும். இரண்டு பேரும் வாளிகளோடு ஏறினோம். நாற்பதாவது படியில் நான் நிமிர்ந்தபோது கேட்டின் கம்பிகள் பொன்னாக மின்னின. தொட்டிகள் புகைந்துகொண்டிருந்தன. வெந்த கீரையின் வாடை. ஊற்றினோம், எல்லா வாளியையும் ஊற்றினோம்.

ஒன்பதுக்குச் சரியாக அழைப்பு வந்தது. சின்ன வயதுப் பெண், நல்ல முகம்.

"குட் மார்னிங் சார். நேத்து ரொம்ப சாரி, ஒரு மீட்டிங் இழுத்துடுச்சு. கார்டனைக் காட்றீங்களா?"

"கருப்பு எலைச் செடின்னு சொல்லிப்போடுங்க," என்று முதுகுக்குப் பின்னால் மனைவி கிசுகிசுத்தாள். அந்த நேரத்திலும் அவளுக்குக் கிண்டல் வந்தது.

கேமராவைத் திருப்பினேன். பதினொரு கறுப்பு.

"என்ன சார், இதெல்லாம் செத்துப்போச்சா?"

"பனிங்க."

"ஓ." கொஞ்சம் யோசித்தாள். "கீழே குடிசை குடிசையா ஏதோ தெரியுதே, அது என்ன?"

"மிலாருங்க. பனிக்கு மூடி வெக்கிறது."

"அதுக்குள்ள இருக்கற செடி நல்லா இருக்குமா?"

"நல்லா இருக்குமுங்க. பதினெட்டு வருசத்துல ஒண்ணுகூட விட்டதில்லீங்க."

"அப்ப இதை ஏன் சார் மூடலை?"

குற்றம் சாட்டும் குரல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். சொல்ல எத்தனையோ பொய்கள் இருந்தன.

"உங்களுக்குக் காட்டத்தாங்க மேல தூக்கிட்டு வந்தேன்."

அவள் கீழே பார்த்து எதையோ எழுதினாள். என்ன எழுதினாள் என்று தெரியாது. நன்றி சொன்னாள், தகவல் சொல்கிறோம் என்றாள். திரையில் என் முகம் மட்டும் ஒரு நொடி இருந்தது, பிறகு அதுவும் போயிற்று.

"என்ன சொன்னாங்க?"

"சொல்றேன்னாங்க."

பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டிருந்தும் அவள் நின்றாள். எனக்கு முன்னமே கணக்குப் போட்டிருப்பாள்: கோத்தகிரி இல்லை, திருப்பூர் அண்ணனுக்குப் போன் செய்ய வேண்டும், மூட்டை கட்ட வேண்டும். "அதப் புடுங்கிப் போடுங்க, கண்கொண்டு பாக்க முடியல," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

வெனிலாச் செடி தண்டு வரை கருகிவிட்டால் அடியிலிருந்து துளிர்க்காது. அது எனக்குத் தெரியும். ஒடித்து வைக்க எங்காவது ஒரு பச்சைக் கணு இருக்கிறதா என்று பதினொன்றிலும் நகத்தால் கீறிப் பார்த்தேன். ஒன்றிலும் இல்லை. பிறகு ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். மண் உதிர்ந்தது. மேலே எல்லாம் கறுத்துத் தொங்க, வேர்கள் மட்டும் ஈரமாக, வெள்ளை வெளேரென்று, ராத்திரி நடந்தது எதுவும் தெரியாமல் இருந்தன.