பார்வையற்றவருக்கு ஒரு மூலை

நாற்காலிக்குப் பிரம்பு பின்னும் சுடலைமுத்துவுக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. கோவில்பட்டியில் எங்கள் கடைகள் இருந்த பழைய கட்டடத்தின் வாசல் மூலையில்தான் வேலை செய்வார். எல்லோரும் அவரைக் 'குருடன்' என்பார்கள். அது தவறு, 'பார்வையற்றவர்' என்று சொல்ல வேண்டும் என்று வியாபாரிகள் சங்கத்தில் பேசிப் பேசிப் பழக்கியவன் நான். அதில் எனக்குப் பெருமையும் உண்டு.

பிறகு கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டினோம். 2001 ஆவணியில், பழைய மூலையைத் திரும்பக் கேட்டு அவர் சங்கக் கூட்டத்துக்கு வந்தார்.

தலைவர் எழுந்தார். "பார்வையற்றவிய மேல எங்களுக்கு ரொம்ப மரியாத. ஆனா காலைல கடை தெறக்க வாரவன் அவிய மொகத்துலயா முழிக்கது? யாவாரம் வெளங்குமா?"

"முன்னால வெளங்கலையா?" என்று கேட்டார் சுடலைமுத்து.

"அப்பம் தகரக் கூர, அண்ணாச்சி. இப்பம் மார்பிள் போட்டிருக்கோம்லா" என்றார் ஒருவர். கூட்டம் சிரித்தது.

இடம் கொடுக்கலாம் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னார் தலைவர். ஒரு கையும் எழவில்லை. புதுக் கட்டடத்தில் என் கடை அந்த வாசலை ஒட்டியே இருந்தது. என் கையும் மடியிலேயே கிடந்தது. "இடம் இல்ல" என்று தலைவர் முடித்துவிட்டார்.

வெளியே வந்ததும் சுடலைமுத்து என் தோளைத் தேடித் தொட்டார். "நீங்க ஒருத்தராவது தூக்கியிருப்பீங்கன்னு தெரியும், அண்ணாச்சி."

"ஆமா" என்றேன்.

இன்றும் யாராவது 'குருடன்' என்றால் நான் திருத்துகிறேன். ஆனால் அப்படிக் கூப்பிட்ட காலத்தில்தான் அவருக்கு உட்கார ஓர் இடம் இருந்தது.