அச்சுக்குள் வைத்த எலுமிச்சம்பழம்

விருத்தாசலம் அண்ணன நெனைச்சா எனக்கு வயிறு எரியுது. கோலியனூர்க்காரரு. தினம் பஸ் புடிச்சி திண்டிவனத்துல எங்க பட்டறைக்கு வருவாரு. அச்சு மாட்டுறது, கழட்டுறது, தொடைக்கிறது அவரு வேலை. அச்சுல அமுக்கி வர்ற வில்லைக்குப் பிசிறு வெட்டுறது என் வேலை.

வில்லைன்னா சூதாட்ட வில்லை. கடலோரம் எங்கயோ ஒரு விடுதி, அங்க காசுக்குப் பதிலா மேசையில வெப்பாங்களாம். எல்லாம் ஒண்ணுபோல இருக்கும்னு நெனைப்பீங்க. கிடையவே கிடையாது. ஒரே படத்தப் பாத்து ரெண்டு அச்சு வெட்டினாலும், ஓரத்துல இருக்கிற இலை ஒண்ணுல ஒல்லியா வரும், இன்னொண்ணுல தடியா வரும். அச்சு தேஞ்சா இலை மழுங்கும். அச்சுல பள்ளம் விழுந்தா வில்லையில பரு மொளைக்கும். இந்த வித்தியாசத்துக்காகவே அதிக வெலை குடுத்து வாங்கிச் சேக்கிற பைத்தியங்க ஒலகம் பூரா இருக்குதுங்க.

போன வருஷம் ஆயுத பூஜை. மிஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம் வெச்சோம். வண்டிச் சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வெப்போமில்ல, அண்ணன் என்ன பண்ணாரு, அச்சுக்கு நடுவுல ஒண்ண வெச்சி மிஷின மூடிட்டாரு. "திருஷ்டி போயிடும் பாஞ்சாலி"ன்னு சிரிச்சாரு. லீவு முடிஞ்சி வந்து தொறந்தா, புளிப்பு இரும்ப அரிச்சிடுச்சி. அப்புறம் அதுல வந்த வில்லைக்கெல்லாம் ஒரு இலை நுனியில குட்டியா பரு.

அண்ணன் ஒளிக்கல. அவரே போய் மொதலாளிகிட்ட சொன்னாரு. மொதலாளி திட்டல. எனக்கு அதுதான் பயம். வில்லைய வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்தாரு. "விடுதிக்கு இது ஒண்ணுகூடப் போகக் கூடாது. எல்லாம் ஒடைக்க வேண்டியது. விருத்தாசலம், அது உன் பொறுப்பு. ஆனா அச்ச மாத்தாத, ஓட்டு"ன்னாரு.

ஒடைக்கிறதுக்கு எவனாவது ஓட்டுவானா? ஒடைக்க வெச்ச மூட்டைங்க மொதலாளி கார்ல ஏறினத என் கண்ணால பாத்தேன்.

"அண்ணே, இது நல்லதுக்கில்ல. எலுமிச்சம்பழக் கதைய ஊரெல்லாம் சொல்லிக்கினு இருக்காதீங்க."

"நான் என்ன திருடினேனா? போ, பேஜாரு பண்ணாத."

தை மாசம் போலீஸ் ஜீப்பு வந்துச்சி. பரு வெச்ச வில்லைய யாரோ அந்த விடுதியிலயே குடுத்துக் காசாக்கிட்டாங்களாம். "ஒடைக்கிறது இவன் பொறுப்புங்க, எனக்கு ஒண்ணும் தெரியாது"ன்னு மொதலாளி அண்ணனக் கை காட்டினாரு. அதிகாரி வில்லைய நீட்டி, "இந்தப் பரு யாரு வேலை?"ன்னாரு.

அண்ணன் அத விரலால தடவிப் பாத்தாரு. "நான் வெச்ச எலுமிச்சம்பழந்தாங்க."

பாவி மனுசா! "மூட்டைய மொதலாளிதான் சார் கார்ல ஏத்தினாரு"ன்னு நான் கத்தினேன். என்னைத் தள்ளிட்டு அண்ணன ஏத்திக்கினு போயிட்டாங்க. ஜீப்பு விழுப்புரம் ரோட்டுல போச்சு, அவரு தினம் வீட்டுக்குப் போற ரோடு. சாயந்திரம் அவரு சம்சாரம் கோவிந்தம்மாள் போன் பண்ணுச்சி. "பஸ் வந்துடுச்சி பாஞ்சாலி, அவரக் காணமே."

அண்ணன் இன்னும் உள்ளதான் இருக்காரு. நேத்து மறுபடியும் ஆயுத பூஜை. மொதலாளி என்னைக் கூப்பிட்டாரு. "இனிமே அச்சு நீதான் மாட்டணும். சம்பளம் ஏத்திட்டேன்"ன்னாரு. பக்கத்துல புது அச்சு தொறந்து கெடந்துச்சி. சட்டைப் பையிலருந்து ஒரு எலுமிச்சம்பழத்த எடுத்து எங்கிட்ட நீட்டினாரு.

"வை"ன்னாரு.