துரையின் தொட்டியில் ஒன்பது முட்டைகள்

இருபது நாள் அடையில் இருந்த முட்டை இரண்டு மணி நேரம் சூடில்லாமல் கிடந்தால், உள்ளே இருக்கும் குஞ்சு பிழைக்குமா?

எனக்குத் தெரியாது. இணையத்தில் பாதிப் பேர் பிழைக்கும் என்கிறார்கள், மீதிப் பேர் பிழைக்காது என்கிறார்கள். (இரண்டு கட்சிக்கும் ஒரே அளவு உறுதி!)

நேற்று நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

உத்தனப்பள்ளிப் பக்கம் எனக்கு ஒன்றரை ஏக்கர். இரண்டு குதிரை, பத்துப் பன்னிரண்டு கோழி, கொஞ்சம் காய்கறி. குதிரைகளில் மூத்தவன் துரை. கல்யாண ஊர்வலங்களில் நடந்து நடந்து கால் போய், ஓய்வு பெற்றவன். அவனுடைய தீவனத் தொட்டி இடுப்பு உயரத்தில் இருக்கிறது. என் சாம்பல் கோழி அடைகாக்கத் தேர்ந்தெடுத்த இடம் அந்தத் தொட்டி!

துரை தகராறு செய்யவில்லை. வாளியில் போட்டதைத் தின்றுகொண்டான்.

முட்டைகள் என்னுடையவை அல்ல. பக்கத்துத் தோட்டத்து முனிரத்னம்மா கொடுத்தவை. இங்கே அப்படி ஒரு வழக்கம்: ஒருவர் முட்டை, இன்னொருவர் அடைக்கோழி, பொரித்ததில் ஆளுக்குப் பாதி.

வைத்த மறுவாரம் அவர் வீட்டுக் கோழிகளுக்கு வெள்ளைக் கழிச்சல் வந்தது. நான்கே நாளில் இருபத்து மூன்றும் போய்விட்டன. தனியாக இருப்பவர். நாள் முழுக்க அவர் திட்டிக்கொண்டிருந்ததும் கொஞ்சிக்கொண்டிருந்ததும் அந்தக் கோழிகளைத்தான். மிச்சம் இருந்தவை என் தொட்டியில் இருந்த ஒன்பது முட்டைகள் மட்டும்.

அதற்குப் பிறகு தினமும் வருவார். வாசலில் காலைக் கழுவிக்கொண்டு (நோய் ஒட்டி வராமல் இருக்க, கால்நடை மருத்துவர் உத்தரவு) உள்ளே வந்து, தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்.

நேற்றுக் காலை எனக்கு ஒரு யோசனை வந்தது. (படித்தவர்களுக்கு வரும்.)

குஞ்சு பொரித்ததும் தாய் கீழே குதிக்கும். குஞ்சுகளும் பின்னாலேயே குதிக்கும். கீழே நான்கு குளம்புகள்! அதனால் கோழியையும் முட்டைகளையும் ஒரு கூடைக்கு மாற்றி, சாமான் அறையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு ஆன்லைன் வகுப்பெடுக்கப் போனேன்.

இரண்டு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால், கோழி ஜன்னல் வழியாக வெளியேறி, பழைய தொட்டியில் வெறும் வைக்கோலின் மேல் மிகுந்த பொறுப்போடு உட்கார்ந்திருக்கிறது.

கூடையில் ஒன்பது முட்டைகளும் தொட்டால் ஜில்லென்று இருந்தன.

முனிரத்னம்மாவிடம் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று அரை நிமிடம் யோசித்தேன். பிறகு போன் செய்தேன்.

ஓடி வந்தார். அவர் வீட்டில் வாடகைக்குக் குடியிருக்கும் செல்வத்தையும் இழுத்து வந்திருந்தார். செல்வம் திருநெல்வேலிக்காரர். கம்பெனியில் குவாலிட்டி செக்‌ஷன். நைட் ஷிப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்த மனிதர்!

"அய்யோ தேவுடா! நல்லா உக்காந்துனு இருந்ததை ஏம்மா தூக்குன?" என்றார் முனிரத்னம்மா.

"குஞ்சு கீழ விழுந்தா குதிரை மிதிச்சிடும்னு..."

"அப்ப குதிரையத்தான நகத்தணும்?"

இருபது நாளில் அது எனக்கு ஒருமுறைகூடத் தோன்றவில்லை.

துரையின் கயிற்றைச் செல்வத்தின் கையில் கொடுத்தேன்.

"கடிச்சிராதுல்லா மேடம்?"

"கடிக்காது. பின்னங்காலை மட்டும் பாத்துக்குங்க."

வேலியோரம் கொண்டுபோய்க் கட்டினார். (கொத்தமல்லிப் பாத்திக்கு அஞ்சலி.)

"வெதுவெதுன்னு தண்ணி கொண்டா" என்றார் முனிரத்னம்மா.

அகலமான பாத்திரத்தில் முட்டையை மெதுவாக விட்டால், உள்ளே உயிர் இருக்கிற முட்டை தானாக ஆடுமாம். இதை நான் முழுதாக நம்பியவள் இல்லை. ஆனால் மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தோம்.

முதல் முட்டை மிதந்தது. ஆடவில்லை. இரண்டாவதும் அப்படியே.

மூன்றாவதை விட்டார். தண்ணீர் அடங்கியது. பிறகு, உள்ளிருந்து யாரோ தோளால் இடித்த மாதிரி, ஒரு சின்ன ஆட்டம்.

"ஆடுதா? என் கைதான் ஆடுதோ இன்னமோ, நீ பாத்துச் சொல்லு."

"உங்க கை தண்ணியிலயே இல்லம்மா. ஆடுது" என்றேன்.

மற்ற ஆறும் ஆடின.

"ஏழு ஓகே, ரெண்டு ரிஜெக்ட்" என்றார் செல்வம்.

"ரிஜெக்டா? வாய மூடு செல்வம்!"

"சரிங்கம்மா." ஒவ்வொரு முட்டையையும் தன் துண்டில் ஒற்றி எடுத்து முனிரத்னம்மாவிடம் நீட்டினார். அவர் ஒன்பதையும் (ஆம், ஒன்பதையும்) கோழியின் வயிற்றுக்கடியில் தள்ளினார். கோழி இரண்டு பேர் கையையும் கொத்தியது.

ஆடினால் உயிர் இருக்கிறது, சரி. ஆனால் ஓட்டை உடைத்து வெளியே வரத் தெம்பு இருக்குமா? அதுவும் எனக்குத் தெரியாது. நேற்று இதை எழுத உட்கார்ந்தபோது இவ்வளவுதான் கையில் இருந்தது. பதிவிடாமல் வைத்துவிட்டேன்.

இன்று:

காலை ஆறு மணிக்குப் போனேன். முனிரத்னம்மா எனக்கு முன்பே வந்திருந்தார்.

ஆறு குஞ்சுகள். ஆடாத இரண்டும் ஆடாமலே கிடந்தன. ஏழாவது முட்டையில் ஒரு சிறு துளை. அதற்குள் மூக்கு நுனி தெரிந்தது. அதோடு நின்று, அசைவில்லாமல் போயிருந்தது.

"நேத்து நான் மாத்தினதாலதான் இது போச்சா?" என்று கேட்டேன். இல்லை என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"இருக்கும். இல்லாமலும் இருக்கும். எனக்கு இன்னாம்மா தெரியும்?"

ஆறையும் அவரே வைத்துக்கொள்ளட்டும் என்றேன்.

"பங்குன்னா பங்குதான். உன் கோழி இன்னா சும்மாவா உக்காந்துச்சி? மூணு உனுது, மூணு எனுது. என் வூட்டுப் பக்கம் இப்ப கொண்டுபோவக் கூடாது. இங்கயே வளரட்டும்."

கோழியைத் தரையில் இறக்கினோம். குஞ்சுகளை ஒவ்வொன்றாக அதன் பக்கத்தில் விட்டோம்.

தீனிக்கு என்ன செய்வது என்று நான் கேட்பதற்குள் அவர் முந்தானை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே கம்பு நொய். நேற்று முட்டைகளைத் திரும்ப வைத்த கையோடு, கடைக்குப் போய் வாங்கி வந்திருக்கிறார்.